பரீட்சைப் பியானோ

அந்த அறைக்கு ஒரே ஒரு சாவிதான் என்று சங்கத்தார் நம்பிக்கொண்டிருந்தார்கள். எந்த வீட்டில், எந்த அறைக்கு ஒரே சாவி இருந்திருக்கிறது? ஒட்டிலியாவின் இடுப்பு வளையத்தில், சரக்கறைச் சாவிக்கும் துணி அலமாரிச் சாவிக்கும் நடுவில், அதன் ஜோடி சமர்த்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆயிரத்து எண்ணூற்று முப்பதுகளின் வியன்னாவில் தெருவுக்குத் தெரு பியானோப் பட்டறை. பட்டறை வைத்தவர்களுக்கு ஒரு சங்கம். அந்தச் சங்கத்தின் அனுமதி ஓலை இல்லாமல் யாரும் பியானோ செய்து விற்க முடியாது. மேஸ்திரி ஒருவர் இறந்துபோனால் அவர் மனைவி விதவையாக இருக்கும்வரை அவர் பெயரிலேயே பட்டறையை நடத்தலாம். அவள் மறுமணம் செய்துகொண்டால், புதுக் கணவனும் சங்கம் ஏற்ற பியானோ மேஸ்திரியாக இருக்கவேண்டும். இல்லையென்றால் பட்டறைக்குப் பூட்டுதான்.

ஒட்டிலியாவின் கணவர் கிரெகோர் போனபின், வீடன் பகுதியில் இருந்த அந்தப் பட்டறையை அவள்தான் நடத்திவந்தாள். நல்ல பட்டறை. நல்ல பெயர். அவள் மனதைப் பறித்துக்கொண்டவனோ கிலியன். பியானோவுக்கு வெளிப்பெட்டி செய்ய வந்த மேசை நாற்காலித் தச்சன்! பட்டறையா கிலியனா என்று அவளை நிற்கவைத்துக் கேட்டது சட்டம். இரண்டுமே வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்ததால், கிலியன் பரீட்சைக்கு மனுப் போட்டான். ஒரு முழுப் பியானோவைத் தன் கையாலேயே செய்து காட்டவேண்டும். யாரிடமும் யோசனை கேட்கக்கூடாது. வாய்ப்பு ஒரே தடவைதான்.

அந்தப் பியானோதான் இப்போது பட்டறையின் பின்னறையில், கிலியன் மட்டும் பூட்டித் திறக்கும் அந்த அறையில், நின்றுகொண்டிருந்தது. இன்று காலை பரீட்சகர்கள் வருகிறார்கள்.

"ஜன்னல் பக்கம் கொஞ்சம் தள்ளிக்கலாமா? வெளிச்சம் விழட்டும்," என்றான் கிலியன்.

பட்டறையின் மூத்த ஆள் பெப்பி வாசற்படியிலேயே நின்றுகொண்டான். "நான் தொடமாட்டேன்ப்பா. தொட்டா சங்கத்துக்காரன் என் விரலை வெட்டிருவான். உன் பொண்டாட்டியை நீயே தள்ளிக்கோ."

"மரியாதையாப் பேசு. மேஸ்திரியம்மா நிக்கிறாங்க."

"நான் பியானோவைச் சொன்னேன்!" என்று பெப்பி கண்ணடித்தான். ஒட்டிலியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்கத்தான்.

கால்களின் அடியில் வைத்திருந்த பித்தளைச் சக்கரங்கள் சத்தமே இல்லாமல் உருண்டன. ஜன்னல் வெளிச்சத்துக்குள் வந்ததும் பியானோ தீப்பற்றிக்கொண்டது போலிருந்தது. வால்நட் மரத்தை மெல்லிய ஏடுகளாகச் சீவி, அடுத்தடுத்த இரண்டு ஏடுகளைப் புத்தகத்தைப் பிரிப்பதுபோலப் பிரித்து ஒட்டியிருந்தான். மரத்தின் ரேகையில் இடப்பக்கம் எழுந்த ஜுவாலைக்கு வலப்பக்கத்திலிருந்து அதே ஜுவாலை பதில் சொன்னது. நடுவில் இருந்த ஒட்டை ஒட்டிலியா எத்தனையோ நாள் விரல்நுனியால் தேடியிருக்கிறாள். அகப்பட்டதில்லை. முன்பக்கத்தைச் சிறகு வைத்த இரண்டு பெண்கள் தலையில் தாங்கினார்கள். பொன் பூசிய சிறகுகள். அழகுக்காக மட்டும் அல்ல. சிறகு முதுகில் சேரும் இடத்துக்குள்தான் பாரம் முழுவதையும் பிடித்திருக்கும் திருகு ஒளிந்திருந்தது. கீழே, காலால் அழுத்தும் மிதிகளைத் தாங்கும் சட்டம் ஒரு யாழ் வடிவத்தில் இறங்கியது. யாழின் நரம்புகளாகத் தெரிந்த பித்தளைக் கம்பிகள்தான் மிதியின் அழுத்தத்தை மேலே கொண்டுபோயின.

மூடியின் உட்புறத்துக்கும் ஏடு ஒட்டியிருந்தான். "யாரும் பாக்காத எடத்துக்கு எதுக்குய்யா பட்டுப் பாவாடை?" என்று பெப்பி ஒருநாள் கேட்டதற்கு, "ஒரு பக்கம் மட்டும் ஒட்டினா மரம் அந்தப் பக்கமே இழுத்துக்கிட்டுக் கோணிப்போகும். ரெண்டு பக்கமும் ஒட்டினாத்தான் சமாதானமா இருக்கும்," என்றான் கிலியன். அவன் மூடி கண்ணாடிபோலத் தட்டையாக உட்கார்ந்தது.

இவ்வளவு செய்தவன் ஒரே இடத்தில் சறுக்கினான். அதுவும் தச்சன் மட்டுமே சறுக்கக்கூடிய இடத்தில்.

தந்தியை அடிக்கும் சின்னச் சுத்தியல்களுக்கு மான்தோல் போர்த்தவேண்டும். கிலியன் வாழ்நாளெல்லாம் நாற்காலிக்குத் தோல் போர்த்தியவன். நாற்காலித் தோலில் சுருக்கம் இருந்தால் அவமானம். இழுத்து, நீவி, மழமழவென்று ஒட்டவேண்டும். சுத்தியலுக்கும் அப்படியே செய்துவைத்தான். கீழ்க்கட்டைகளில் தோல் தடிமனாக இருந்ததால் தப்பித்துக்கொண்டான். மேல்கட்டைகளிலோ ஒலி தகர டப்பாவில் மழைத்துளி விழுவதுபோல வந்தது. கிலியனுக்கும் அது கேட்டது. பலகையைத் தடவினான், தந்தியை மாற்றினான், சாப்பாட்டை விட்டான். சுத்தியலில்தான் குற்றம் என்று மட்டும் அவனுக்குத் தோன்றவே இல்லை. அவன் கண்ணுக்கு அந்தத் தோல் அவ்வளவு அழகாக இருந்தது.

ஒட்டிலியா சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கிரெகோர் காலத்திலிருந்தே அந்தப் பட்டறையின் எல்லாச் சுத்தியலுக்கும் தோல் போர்த்தியவள் அவள்தான். ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் சொன்ன மறுநிமிடம் கிலியன் நேராகச் சங்கத்துக்குப் போய், "எனக்கு யோசனை சொல்லிட்டாங்க, என் பரீட்சை செல்லாது," என்று நிற்பான். அந்த அளவுக்கு நேர்மை பிடித்த மனிதன். அவளுக்கு அவனைப் பிடித்ததும் அதனால்தான், ஆத்திரம் வந்ததும் அதனால்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் தேவாலயப் பூசைக்குப் போயிருந்தபோது, ஜோடிச் சாவி தன் வேலையைச் செய்தது. வியன்னாப் பியானோவில் கட்டைகளையும் சுத்தியல்களையும் சேர்த்து இழுப்பறைபோல வெளியே இழுத்துவிடலாம். மேல்கட்டைச் சுத்தியல்களின் தோலைப் பின்பக்கம் விடுவித்து, ஒரு நூலளவு தளரவிட்டு மறுபடி ஒட்டினாள். முகப்பைத் தேய்த்து மென்மையான பூம்பஞ்சு எழுப்பினாள். உள்ளே தள்ளிவிட்டு, ஒவ்வொன்றும் தந்தியைச் சரியாகத் தொடுகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தாள். பூசை முடிந்து மணி அடிக்கும்போது அடுப்படியில் நின்று சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை கிலியன் போட்ட கூச்சலில் பட்டறையே கூடிவிட்டது.

"ஒட்டிலி! மரம் வாயைத் தொறந்துடுச்சு! தானாத் தொறந்துடுச்சு! வந்து கேளு!" எல்லார் எதிரிலும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டதைக்கூட அவன் கவனிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. கோயிலில் நிற்பவன்போலக் கைகளைக் கோத்துக்கொண்டு நின்றான். மரம் தன்மேல் இரக்கப்பட்டு மனம் மாறியதாகவே அவன் நம்பினான். அந்த முகத்தைப் பார்த்தபின் உண்மையைச் சொல்ல அவளுக்கு எப்படி நா எழும்?

வாசலில் வண்டி வந்து நின்றது.

பரீட்சகர்கள் இரண்டு பேர். மூத்தவர் அம்ப்ரோஸ் லெஹ்னர். ஊரிலேயே வயதான மேஸ்திரி. காது முக்கால்வாசி போய்விட்டது. ஆனாலும் அவர் சரி என்று சொல்லாத பியானோ வியன்னாவில் மேஸ்திரியின் பியானோ ஆகாது. காதுக்குப் பதில் உள்ளங்கையைப் பெட்டியின்மேல் வைத்துக் கேட்பார். மற்றவர் புர்க்கார்ட் ஸெட்லர். மனைவியை இழந்தவர். அடுத்த தெருவில் பெரிய பட்டறை. ஒட்டிலியாவைப் பெண் கேட்டுவந்து, அவள் சூடாகக் காப்பி கொடுத்து அனுப்பிவைத்த மனிதர்.

"அடேங்கப்பா!" என்றார் ஸெட்லர், பியானோவைச் சுற்றிவந்து. "பொம்மை, பூ, சிறகு... எல்லாம் இருக்கு. மிதிச்சா மணி அடிக்குமா, மத்தளம் கொட்டுமா? இப்ப அதானே ஊர்ல நாகரிகம்?"

"இல்லீங்க. இது வாசிக்கிறதுக்கு மட்டும்தான்," என்றான் கிலியன்.

"தச்சனுக்கு ரோஷத்தைப் பாரு." ஸெட்லர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். லெஹ்னர் தொப்பியைக் கழற்றிவிட்டு, பெட்டியின் வளைவில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து, கண்ணை மூடினார்.

ஸெட்லர் நன்றாக வாசிப்பார். அதை மறுக்க முடியாது. மேலிருந்து தொடங்கி இறங்கிவந்தார். மேல்கட்டைகளில் அவர் புருவம் ஏறியது. திரும்பப் போய் அதே இடத்தை மறுபடி வாசித்தார். ஒட்டிலியா தன் பாவாடையை இறுகப் பிடித்துக்கொண்டாள். லெஹ்னரின் முகத்தில் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக இளகின. நடுக்கட்டைகள் மனிதக் குரலில் பேசின. ஸெட்லரின் கை கீழே இறங்கி, ஆழமான ஓர் ஒலியை ஊன்றியது.

ஜ்ஜ்ஜ்ர்ர்...

எல்லாரும் ஒரே சமயத்தில் மூச்சை இழுத்தார்கள். ஸெட்லர் மறுபடி ஊன்றினார். மறுபடியும் அதே. பாட்டுக்கு நடுவில் வண்டு புகுந்ததுபோல ஒரு சடசடப்பு.

"நேத்து வரைக்கும் இது இல்லீங்க," என்றான் கிலியன். "சத்தியமா இல்லீங்க."

"கல்யாணப் பொண்ணுக்கு இத்தனை நகை போட்டா நடக்கும்போது சலங்கை கட்டாமலே சத்தம் வரும்," என்றார் ஸெட்லர். "எந்தப் பூ ஆடுதோ! கழட்டுப்பா. ஒவ்வொண்ணாக் கழட்டு."

கிலியன் ஒரு வெள்ளைத் துணியைத் தரையில் விரித்தான். முதலில் முகப்பிலிருந்த பித்தளைக் கொடியைத் திருகி எடுத்தான். துணிமேல் குப்புற வைத்தான்.

லெஹ்னர் குனிந்தார். அதைக் கையில் எடுத்து, முன்பக்கத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொடியின் பின்னால், இலைக்கு இலை, சுருளுக்குச் சுருள், அதே உருவத்தில் வெட்டிய மான்தோல் ஒட்டியிருந்தது. பித்தளை மரத்தைத் தொடவே இல்லை. ஆடினாலும் சத்தம் வராதபடி தோல்மேல் உட்கார்ந்திருந்தது.

"எல்லாத்துக்கும் இப்படியா?" என்று கேட்டார். காது கேளாதவர்களுக்கு உரிய உரத்த குரல்.

கிலியன் தலையாட்டினான்.

"சாவித் துவாரத்துத் தகட்டுக்கு?"

கிலியன் அதையும் கழற்றிக் கொடுத்தான். விரல்நகம் அளவுத் தகடு. அதன் பின்னாலும் தோல். அதில் திருகு நுழையும் துளைக்குக்கூடத் தோலால் ஒரு சின்ன வளையம். லெஹ்னர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தார். பூசையில் நற்கருணை அப்பத்தை உயர்த்தும் பாதிரியார்போல அவர் விரல்கள் ஜாக்கிரதையாக இருந்தன.

பிறகு யாரும் கேலி பேசவில்லை. பொன் சிறகுகள் வந்தன. சிறகு இருந்த இடத்தில் மரம் வெளியே எப்படி மெருகேறியிருந்ததோ அதே அளவு மெருகோடு உள்ளேயும் மின்னியது. இசைக் குறிப்புப் புத்தகம் வைக்கும் பூவேலைத் தட்டு வந்தது. அதன் ஒவ்வொரு துளையின் ஓரமும் பின்பக்கம் சரிவாக இழைத்திருந்தது. ஒலி வழுக்கிக்கொண்டு வெளியே வரட்டும் என்று. பெப்பி தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டான். ஒட்டிலியாவே இதையெல்லாம் முதல்முறையாகப் பார்த்தாள். இந்த மனிதன் தன் பக்கத்தில் இத்தனை மாதம் சாப்பிட்டு, சிரித்து, நடமாடியபடியே இதைச் செய்துகொண்டிருந்தானா?

நகையெல்லாம் கழன்று பியானோ வெறும் மரமாக நின்றது. ஸெட்லர் கீழ்க்கட்டையை ஊன்றினார்.

ஜ்ஜ்ஜ்ர்ர்.

"அப்ப உள்ள கோளாறு," என்றார் ஸெட்லர். அவர் குரலில் வெற்றி இல்லை. கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. "ஒலிப்பலகைக்கு அடியில தாங்கு சட்டம் ஒண்ணு பசை விட்டிருக்கு. அடிப்பலகையைப் பிளந்து பாத்தாத்தான் தெரியும்."

"பிளந்தா பெட்டி போச்சு," என்றான் பெப்பி வாயை மூட முடியாமல்.

"பிளக்கலேன்னா பரீட்சை போச்சு. எது வேணும்னு அவரே சொல்லட்டும்."

லெஹ்னர் உள்ளங்கையை எடுக்கவில்லை. "மரம் இல்லய்யா இது," என்று முணுமுணுத்தார். "மரம் சுத்தமா இருக்கு. மரத்து மேல ஏதோ குதிக்குது."

கிலியன் ஏற்கெனவே உளியை எடுத்துவிட்டான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "பிளந்துடறேன். குத்தம் என்னோடதுன்னா எனக்கும் தெரியணும்."

மரத்துமேல் ஏதோ குதிக்கிறது. அந்தச் சொல் காதில் விழுந்ததும் ஒட்டிலியாவின் கை தானாகக் கொண்டைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முடியை அவிழ்த்தபோது ஒரு கொண்டை ஊசி குறைந்தது. எங்கோ அடுப்படியில் விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டாள். அடுப்படியில் இல்லை! தந்திகளுக்கு நடுவே வழுக்கி ஒலிப்பலகையில் விழுந்து, ஓரமாகச் சத்தமின்றிப் படுத்திருந்திருக்கிறது. காலையில் ஜன்னல் பக்கம் உருட்டியபோது நகர்ந்திருக்கிறது.

சொன்னால், அவள் உள்ளே போனது தெரிந்துவிடும். பிறர் கை பட்ட பியானோ செல்லாது. சொல்லாவிட்டால் உளி இறங்கும். இரண்டிலும் கிலியனை இழக்கிறாள். ஆனால் அந்த உளி... தோல் வளையம் வைத்த அந்தத் துளைகள், யாருமே தேடிக் கண்டுபிடிக்க முடியாத அந்த ஒட்டு...

"உளியைக் கீழ வை, கிலியன்," என்றாள்.

"மேஸ்திரியம்மா, நீங்க பேசக்கூடாது," என்றார் ஸெட்லர்.

"என் வீட்ல நான் பேசாம வேற யாரு பேசறது? பெப்பி, அடுப்படியிலேர்ந்து பின்னல் ஊசி எடுத்துட்டு வா. கொஞ்சம் மெழுகும்."

மெழுகைப் பின்னல் ஊசியின் நுனியில் உருட்டிப் பிடித்தாள். பியானோவின்மேல் குனிந்தாள். தந்திகளுக்குக் கீழே தேவதாருப் பலகை தெரிந்தது. அதன் ரேகைகள் சீப்பால் வாரிய முடிபோல, ஒன்றையொன்று தொடாமல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடின. நல்ல காரியத்துக்கு நடுவே ஒரு கறைபோல, பலகையின் விளிம்பில், கறுப்பாக, வளைந்து கிடந்தது அது.

மெழுகில் ஒட்டி வெளியே வந்தது. அவள் அதை மறைக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

பெப்பிக்கு இருமல் வந்தது. அது இருமல் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

லெஹ்னர் ஊசியை எடுத்து, கிலியனின் வழுக்கை விழத் தொடங்கிய தலையைப் பார்த்தார். "உன்னுது இல்லேன்னு நெனைக்கிறேன்."

"என்னுதுங்க," என்றாள் ஒட்டிலியா. "ஞாயித்துக்கிழம இவரு பூசைக்குப் போனப்ப நான் உள்ள வந்தேன். மேல்கட்டைச் சுத்தியலுக்குத் தோலைத் தளத்தி ஒட்டினேன். இவருக்குத் தெரியாது."

அவள் கிலியன் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்லி முடித்திருக்கமாட்டாள்.

ஸெட்லர் எழுந்தார். "விதி தெளிவா இருக்கு, லெஹ்னர் ஐயா. பரீட்சைப் பியானோவுல மேஸ்திரி கையோ, கூலியாள் கையோ, வேலை கத்துக்கற பையன் கையோ படக்கூடாது. பட்டுடுச்சு. அவ்வளவுதான்."

"யாரு கை பட்டுது?" என்று கேட்டாள் ஒட்டிலியா.

"இதென்னம்மா கேள்வி? உங்க கை."

"நான் மேஸ்திரியா?"

ஸெட்லர் லெஹ்னரைத் திரும்பிப் பார்த்தார்.

"கூலியாளா? வேலை கத்துக்கற பையனா?" அவள் குரல் உயரவில்லை. ஆனால் காது கேளாத லெஹ்னரும் நிமிர்ந்து பார்த்தார். "கிரெகோர் செத்த வருஷம், என்னையும் பரீட்சை பண்ணுங்க, என் பேர்லயே பட்டறையக் குடுங்கன்னு நான் சங்கத்துல வந்து நின்னேன். ஞாபகம் இருக்கா? நீங்கதான் எழுந்து பதில் சொன்னீங்க, ஸெட்லர். 'இந்தச் சங்கத்துல பொம்பளக் கைக்குக் கணக்கே கெடையாது'ன்னீங்க. எல்லாரும் கை தட்டினாங்க. அன்னிக்குக் கணக்குல வராத கை இன்னிக்கு எப்படிங்க வந்துது?"

முதலில் லெஹ்னரின் தோள்கள் குலுங்கின. பிறகு தொண்டையிலிருந்து ஒரு கரகரப்பு. கடைசியில் பியானோவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார் கிழவர்.

"மாட்டிக்கிட்டியா, புர்க்கார்ட்? நான் அன்னிக்கே சொன்னேன், வாயை அளந்து பேசுன்னு. சங்கத்து ஏட்டுல பொம்பளையப் பத்தி ஒரு வரி கெடையாது. பூனை உள்ள போயிட்டு வந்தா பரீட்சை செல்லாதா? செல்லும். இதுவும் அப்படித்தான்."

"பூனையா?" கிலியன் முதல்முறையாக வாயைத் திறந்தான். உளி இன்னும் கையில் இருந்தது. "ஐயா, அந்த மேல்கட்டை ஒலி இவங்களோடது. நான் போட்ட தோல் தகரமாச் சத்தம் போட்டுது. இவங்க கையைப் பூனைக் காலுன்னு எழுதிக்கிட்டு எனக்குப் பட்டம் குடுக்கிறதா இருந்தா..."

"வாயை மூடு, கிலியன்," என்றாள் ஒட்டிலியா.

"இல்ல, ஒட்டிலி..."

"மூடுன்னேன்ல! என்னைப் பூனைன்னு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். அந்தச் சண்டையை நான் நாளைக்குப் போட்டுக்கறேன். இன்னிக்கு உன்னையும் பட்டறையையும் சேத்து வாங்கத்தான் நிக்கிறேன். கெடுத்துடாதே."

ஸெட்லர் மெதுவாக முக்காலியில் மறுபடி உட்கார்ந்தார். கோபமா, வெட்கமா என்று சொல்ல முடியாத முகம். கீழ்க்கட்டையை ஊன்றினார். சடசடப்பு இல்லை. பெரிய மணியை அடித்துவிட்டுக் கையை எடுத்தபின்னும் காற்றில் நின்றுகொண்டிருக்குமே, அப்படி ஓர் ஒலி தரையிலிருந்து எழுந்து அறையை நிரப்பியது. அவர் கையை எடுக்கவில்லை. அது தேய்ந்து தேய்ந்து அடங்கும்வரை காத்திருந்தார். தெருவில் போன தயிர்க்காரியின் குரல் அதற்கப்புறம்தான் கேட்டது. லெஹ்னர் உள்ளங்கையோடு நெற்றியையும் மரத்தின்மேல் சாய்த்திருந்தார்.

"என்கிட்ட பன்னெண்டு தச்சனுங்க இருக்கானுங்க," என்றார் ஸெட்லர், யாரையும் பார்க்காமல். "ஒருத்தனும் சாவித் தகட்டுக்குத் தோல் வெச்சதில்ல. நானும் கேட்டதில்ல." எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டார். "நான் சம்மதம்னு எழுதிக்குங்க, லெஹ்னர் ஐயா." வாசல்வரை போனவர் நின்றார். "அம்மணி. அந்தச் சங்கத்துப் பேச்சு... அன்னிக்கு எல்லாரும் கை தட்டினாங்க. எனக்குத் தலைக்கேறிடுச்சு."

"நாளைக்கு மறுபடி வருவேன், அதே மனுவோட," என்றாள் ஒட்டிலியா. "கை தட்டாம கேளுங்க."

லெஹ்னர் போகும்போது கொண்டை ஊசியை அவளிடம் கொடுத்துவிட்டு, கிலியனின் தோளில் தட்டினார். "வீட்டுல சாவியெல்லாம் எத்தனைன்னு எண்ணி வெச்சுக்கோடா," என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். பெப்பி அவர்களை வண்டியேற்ற ஓடினான். ஓடும்போதே "மேஸ்திரி கிலியன்! மேஸ்திரி கிலியன்!" என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் அறிவித்துக்கொண்டு போனான்.

அறையில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். தரையில் வெள்ளைத் துணி, அதன்மேல் குப்புறக் கிடக்கும் பொன் சிறகுகள், பூக்கள்.

கிலியன் பேசவில்லை. இதற்குத்தான் ஒட்டிலியா பயந்திருந்தாள். சங்கத்தைவிட, ஸெட்லரைவிட, இந்த மௌனத்துக்கு.

"மரம் தானாத் தொறந்துதுன்னு நெனச்சேன்," என்றான் கடைசியில்.

"தெரியும்."

"எல்லார்கிட்டயும் சொன்னேன். காப்பிக் கடையில கூடச் சொன்னேன். சிரிச்சிருப்பே."

"ஒரு தடவகூடச் சிரிக்கல, கிலியன். அன்னிக்கு உன் மூஞ்சியப் பாத்தேன். அந்த மாதிரி ஒரு சந்தோஷத்தை நான் யாருக்கும் குடுத்ததில்ல. அதைத் திருப்பிக் கேக்க மனசு வரல."

அவன் உளியைக் கீழே வைத்தான். முக்காலியில் உட்கார்ந்தான். நடுக்கட்டை ஒன்றைத் தொட்டான். பிறகு அடுத்தது. அதற்கடுத்தது. மெதுவாக, இருட்டில் படி ஏறுபவனைப்போல, ஒவ்வொன்றின் ஒலியும் முழுதாக அடங்கும்வரை காத்திருந்து மேலே ஏறினான். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தான். எங்கே தன் கை முடிந்து அவள் கை தொடங்குகிறது என்று தேடுகிறான் என்பது அவளுக்குப் புரிந்தது.

"இங்கயா?"

"இல்ல."

இன்னும் கொஞ்சம் ஏறினான். "இங்க?"

"தாண்டிட்டே."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். கண் விரிந்திருந்தது. தாண்டிய இடத்துக்குத் திரும்பி வந்து மறுபடி கேட்டான். மறுபடியும் அவனுக்கு அகப்படவில்லை. அவன் ஒட்டிய வால்நட் ஏடுகளின் நடுவில் அவள் விரலுக்கு ஒருநாளும் ஒட்டு அகப்படாததுபோலவே.

"காட்டு," என்றான்.

ஒட்டிலியா அவன் சுட்டுவிரலைப் பிடித்து ஒரு கட்டையின்மேல் வைத்தாள். "இதுலேர்ந்து."

அவன் அழுத்தினான். இத்தனை வருடமாக எத்தனையோ சுத்தியலுக்குத் தோல் போர்த்தியிருக்கிறாள். அவை எல்லாம் யார் யார் வீட்டுக்கோ போய்விட்டன. நின்று கேட்டதில்லை. கிலியன் இப்போது மேலே மேலே போய்க்கொண்டிருந்தான். ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். அவள் பாவாடையை மடக்கிக்கொண்டு, கழற்றிவைத்த சிறகுகளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து கேட்கத் தொடங்கினாள்.